குப்பி மஞ்சளாக மாறிய வாரம்

கிறிஸ்துவை மையமாக வைத்து வேலை செய்வது எப்படி என்று ஐந்து குறிப்புகள் எழுதித் தரச் சொல்லி எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியச் செயலாளர் பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நல்ல பெண். "ஆன்ட்டி, ஒவ்வொண்ணும் ரெண்டு லைன் போதும். கம்பெனி பஸ்ல போறப்பவே எல்லாரும் படிச்சு முடிச்சுடணும். காலைல வேதம், ஜெபம், அப்புறம் ஆபீஸ்ல பொறுமையா இருக்கறது, மேல இருக்கறவங்களுக்குக் கீழ்ப்படியறது, அந்த மாதிரி" என்றாள்.

கடைசி இரண்டையும் கேட்டதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். பொறுமை, கீழ்ப்படிதல். இந்த இரண்டு வார்த்தைகளையும் வைத்து என்னை எவ்வளவு காலம் ஏய்த்தார்கள், நானே என்னை எவ்வளவு காலம் ஏய்த்துக்கொண்டேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என்னிடம் குறிப்புகள் இல்லை. ஒரு கோபம் இருக்கிறது. ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் அது அடங்கவில்லை. அதைத்தான் எழுதித் தருகிறேன். பஸ் பயணத்துக்குள் முடிகிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ரூத் சரோஜா. கொள்ளேகாலில் பிறந்தேன். மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். நான் நர்ஸ் இல்லை. ஆபரேஷன் கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கி அனுப்பும் அறையில் டெக்னீஷியன். தியேட்டரிலிருந்து ரத்தத்தோடு வரும் கத்தரி, கிடுக்கி எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, எண்ணி, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவி இயந்திரத்தில் வேகவைத்து, லேபிள் ஒட்டி மேலே அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்தில் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அந்த அறையில் இருந்த மீதி வருடமெல்லாம் கற்றதை ஒரு நாள்கூடச் சோம்பாமல் செய்வதுதான் வேலை.

வீட்டில் இன்னொரு பழக்கம். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதத்தில் மூன்று அதிகாரம் வாசித்து, முழங்காலில் நின்று ஜெபித்த பிறகே அடுப்பைப் பற்ற வைப்பேன். பிடித்த இடத்தைத் திறந்து வாசிக்கிற வழக்கம் எனக்கில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் போவேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அப்படிப் பல தடவை முடித்திருக்கிறேன். முடித்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது. எத்தனை தடவை என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த நாட்களும் உண்டு.

எங்கள் வேலையில் கண்ணால் பார்த்து எதையும் நம்பக் கூடாது. கருவிப் பொதியின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு பட்டதும் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு தெரிந்தால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். உள்ளே கிருமி செத்ததா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அதனால் தினமும் காலையில் கருவி எதுவும் வைக்காமல், ஒரு சோதனைத் தாளைத் துணிகளுக்கு நடுவில் வைத்து இயந்திரத்தை ஓட்டுவோம். தாள் முழுக்க ஒரே மாதிரிக் கறுக்க வேண்டும். நடுவில் வெளிறியிருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது, நீராவி போய்ச் சேரவில்லை என்று பொருள். வாரத்துக்கு ஒரு முறை இதைவிடக் கடினமான சோதனை. எளிதில் சாகாத கிருமி விதைகள் அடங்கிய சின்னக் குப்பி ஒன்றைப் பொதிகளோடு வேகவைத்து, எடுத்து, இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைப்போம். அதிலிருக்கும் நீர் ஊதா நிறம். ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்துவிட்டது. மஞ்சளானால் உயிரோடிருக்கிறது. எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதி என் முதலெழுத்தைப் போட வேண்டும்.

இனி தயாளன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் ஆஸ்பத்திரி நிர்வாகி. வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். பெருக்குகிற அம்மா உள்ளே போனாலும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். ஒரு நாளும் யாரையும் திட்டியதில்லை. நாம் சொல்வதைத் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்பார். நடுவில் பேச மாட்டார். நாம் முடித்ததும், "சரிம்மா. ஜெபிக்கலாமா?" என்பார். கண்ணை மூடிவிடுவார்.

அந்த ஜெபத்தில்தான் வேலை நடக்கும். நாம் கொண்டுபோன புகாரை அவர் கடவுளிடம் தன் வார்த்தையில் சொல்வார். ஒரு தடவை இயந்திரத்துக் கதவைத் திறக்கும்போது நீராவி அடித்து என்னோடு வேலை செய்த மஞ்சுளாவின் முழங்கை வெந்துவிட்டது. சூடு தாங்கும் நீளக் கையுறை வேண்டும் என்று கேட்கப் போனேன். "ஆண்டவரே, உம்முடைய மகள் மிகவும் களைத்துப்போயிருக்கிறாள், அவளுக்கு இளைப்பாறுதல் தாரும், சக ஊழியர்மேல் அன்பையும் நீடிய பொறுமையையும் தாரும்" என்று ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பிரச்சினை கையுறையாக இல்லை. என் பொறுமையின்மையாக மாறியிருந்தது. அவரே எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன்! கையுறை ஏழு மாதம் கழித்து வந்தது. மஞ்சுளா, "அக்கா, அவ்ரு ஜெபம் மாடிதரா? சரி, கையுறை எல்லி?" என்று, ஜெபம் சரி, கையுறை எங்கே என்று கன்னடத்தில் கேட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விசுவாசமில்லாதவள் என்று மனசுக்குள் தீர்ப்பெழுதினேன். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை சோதனைத் தாளை எடுத்தபோது நடுவில் வெளிறியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே திட்டு. கதவின் ரப்பர் விளிம்பு நைந்துபோயிருந்தது. அது நைந்துவருகிறது என்று மூன்று மாதமாக எழுதிக் கொடுத்திருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு தயாளன் சாரிடம் ஓடினேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியின் ஆண்டு ஸ்தோத்திர ஆராதனை. வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். தியேட்டர் நிறைய ஆபரேஷன்கள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது.

"மெக்கானிக் பெங்களூர்ல இருந்து வரணும்மா. புதன்கிழமை ஆகும்" என்றார்.

"அதுவரைக்கும் கேஸ் எடுக்க வேண்டாம் சார். வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இல்லைன்னா கருவி செட்டை வெளியில குடுத்து வேகவச்சு வாங்கலாம்."

"டேப்ல கோடு வருதில்ல?"

"டேப்பை நம்பக் கூடாது சார்."

"பத்து நிமிஷம் கூட வச்சுக்கோங்க. எத்தனையோ வருஷமா ஆண்டவர் இந்த ஆஸ்பத்திரியைக் காப்பாத்திட்டு வர்றார். நம்ம விசுவாசத்தை விட்டுட்டு ஒரு தாளை நம்பலாமா?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள், "ஜெபிக்கலாமா?" என்றார்.

ஜெபித்தோம். நானும் கண்ணை மூடினேன். எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிய வசனம் எனக்கு மனப்பாடம். அது வசதியாக நினைவுக்கு வந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். சண்டை போட வேண்டாம், பெயர் கெட வேண்டாம், அவருக்கு முன்னால் நல்ல மகளாக இருக்க வேண்டும். கீழே போய்ப் பொதிகளை அடுக்கினேன். பத்து நிமிடம் கூட வைத்தேன். வாரச் சோதனைக் குப்பியையும் உள்ளே வைத்தேன். டேப்பில் கோடுகள் வந்தன. ஒவ்வொரு லேபிளிலும் என் முதலெழுத்தைப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

புதன்கிழமை காலை குப்பி மஞ்சளாகியிருந்தது. எலுமிச்சம்பழத் தோல்போலப் பளிச்சென்ற மஞ்சள். பார்த்த உடனே இயந்திரத்தை நிறுத்தினேன். அறையில் மிச்சமிருந்த பொதிகளை எல்லாம் பிரித்துப் போட்டேன். ஆனால் அதற்குள் நான்கு ஆபரேஷன் முடிந்துவிட்டிருந்தது. டாக்டர்களிடம் சொல்ல வேண்டும் என்று தயாளன் சாரிடம் போனேன். "மெஷினை நிறுத்திட்டீங்கல்ல. அது போதும். முடிஞ்சதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? ஜனங்க பயந்துடுவாங்க. ஆஸ்பத்திரியோட சாட்சி, அதோட நல்ல பேர் என்ன ஆகும்?" என்றார். பிறகு வழக்கமான கேள்வி. நானும் வழக்கம்போலக் கண்ணை மூடினேன்.

நான்கு பேரில் மூன்று பேர் தேறி வீட்டுக்குப் போனார்கள். நான்காவது ஆள் ஈஸ்வரி. ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். இருபத்து மூன்று வயது. செவ்வாய்க்கிழமை வயிற்றைத் திறந்து பெண்குழந்தையை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல். பிறகு தையலில் சீழ். பிறகு உள்ளேயும் சீழ். உயிரைக் காப்பாற்ற மறுபடி திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கருவிகளை அனுப்பியவள் நான். இந்தத் தடவை, ஒரே ஒரு செட் மட்டும் கொள்ளும் பக்கத்துச் சின்ன இயந்திரத்தில் வேகவைத்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணினேன்.

பிறகுதான் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிற விஷயம் நடந்தது. குடும்பம் காரணம் கேட்டபோது நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து யாரோ, நோயாளி சுத்தம் பார்க்கவில்லை, சொல்லாமல் குளித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். நான் வார்டுக்குத் துணிக்கட்டு கொடுக்கப் போனபோது மாமியார் வராந்தாவில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "பெத்த ரெண்டாம் நாளே தண்ணி வாத்துக்கிட்டாளுங்க. சொன்னாக் கேக்கறதில்ல. இப்பப் பாருங்க, சீப்புடிச்சு எல்லாம் போச்சு. எம்பையனுக்கு இனி வாரிசுக்கு எங்க போறது?" உள்ளே கட்டிலில் அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பேன். வார்த்தை வராது. வேதத்தை மட்டும் வரிசை தவறாமல் வாசித்தேன், பழக்கதோஷம். அப்போது பலிகளைப் பற்றிய சட்டங்கள் வரும் பகுதியில் இருந்தேன். எந்த ஆடு, எந்தப் புறா, கொழுப்பை எப்படி எரிப்பது என்று வருகிற பகுதி. ஒவ்வொரு தடவையும் நான் வேகமாகக் கண்ணை ஓட்டித் தாண்டிப் போகிற இடம். அங்கே ஒரு வரி. ஒரு காரியத்தைக் கண்டு அல்லது அறிந்து சாட்சியாக இருக்கிறவன் அதைத் தெரிவிக்காமல் போனால் அந்தக் குற்றத்தை அவனே சுமப்பான் என்கிற பொருளில் இருக்கிறது. இத்தனை தடவை இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேனே! எத்தனை தடவை வேதத்தை முடித்தேன் என்று எண்ணத் தெரிந்தவளுக்கு இது கண்ணில் படவில்லை.

அன்று காலை நான் ஜெபித்தது இதுதான்: "உம்ம பேரைச் சொல்லி என் வாயை மூடினாங்க. நானும் மூடிக்கிட்டேன். நீர் ஏன் பேசாம இருந்தீர்?" சத்தமாகவே கேட்டேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவரிடம் கோபப்பட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கும் அவருக்கும் உண்மையான பேச்சு தொடங்கியது என்று நினைக்கிறேன். அதுவரை நான் பேசியதெல்லாம் தயாளன் சாருடைய வார்த்தைகள்.

அதே நாள் அவர் கூப்பிட்டனுப்பினார். அடுத்த மாதம் தரச் சான்றிதழுக்கு ஆட்கள் வருகிறார்கள். லாக் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும். குப்பி ஊதா என்று. "ஒரு வார்த்தைதானம்மா. ஊழியத்துக்காக" என்றார். பிறகு, "ஜெபிக்கலாமா?"

"வேண்டாம் சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கண்ணைப் பாதி மூடியிருந்தவர் திறந்தார்.

"நான் காலையிலேயே ஜெபிச்சுட்டேன். நீங்க எனக்காக ஜெபிக்க வேண்டாம். ஈஸ்வரிங்கற பொண்ணு பேரைச் சொல்லி, அவ கர்ப்பப்பை எதனால போச்சுன்னு ஆண்டவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. உங்களால சொல்ல முடியுதான்னு பாருங்க."

அந்த மனிதர் முகத்தில் கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "சாத்தான் உங்களை உபயோகிக்கிறான்" என்றார், அதே தாழ்ந்த குரலில். நானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். லாக் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வார்டுக்குப் போனேன்.

அங்கே சர்ஜன் ஷைலஜா மேடம் ரவுண்ட்ஸில் இருந்தார். ஈஸ்வரியின் கட்டிலருகே நின்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். திங்கட்கிழமைத் தாள், புதன்கிழமைக் குப்பி, என் முதலெழுத்து. "ஏனு ஹேள்தா இதீரா ரூத்?" என்றார் மேடம். என்ன சொல்கிறாய் என்று அவர் கேட்டது காதில் விழாததால் அல்ல. நான் திரும்பவும் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு போனை எடுத்துத் தியேட்டரை மூடச் சொன்னார். தேறி வீட்டுக்குப் போன அந்த மூன்று பேரையும் திரும்ப வரவழைத்துப் பரிசோதிக்கச் சொன்னார். "எனக்கு ஒன்பது நாளாக ஒருத்தரும் சொல்லலியே" என்று கன்னடத்தில் கத்தினார். அந்தக் கத்தலில் எனக்கும் பங்கிருந்தது. நான் தலைகுனியவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

ஈஸ்வரி தமிழ்ப் பெண். அவளுக்கு நான் தமிழில் சொன்னேன். கருவி சரியாக வேகவில்லை, தெரிந்தும் அனுப்பினேன், உன்மேல் தப்பில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்றுகூட ஒரு வார்த்தை வரும் என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "நான் தப்புப் பண்ணலீன்னு எனக்குத் தெரியாதா? எங்கூட்டுல வந்து சொல்லுங்க. ஊரே என்னைய அழுக்கி, அழுக்கிங்குது."

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கமிட்டி போட்டார்கள். காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதி முடித்தார்கள். புது இயந்திரம் வந்தது. அதைத் தயாளன் சார்தான் ஜெபித்துத் தொடங்கிவைத்தார். அதே வாரம் என்னைத் துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும் வரை ஒன்பது வருடம் அங்கேதான் விரிப்பு மடித்தேன். சபையில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லாத ஞாயிறுகள் உண்டு. ஆஸ்பத்திரியின் சாட்சியைக் கெடுத்தவள் என்று பெயர். தயாளன் சாருக்கு ஓய்வின்போது சால்வை போட்டு, அவர் ஊழியத்தைப் புகழ்ந்து சாட்சி வாசித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்றால் நம்புவது கடினம். ஜெபிக்கிறேன். எரிச்சலோடுதான் ஜெபிக்கிறேன். பெனிட்டா, காலையில் வேதம் வாசி, முழங்காலில் நில். அதை நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்திருக்கும்போது வாய் மூடியே இருந்தால், எதை வாசித்தாய் என்று உன்னையே கேட்டுக்கொள்.

ஈஸ்வரி வீட்டுக்குப் போன மூன்றாவது ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல் கொள்ளேகால் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஹனூர். அங்கிருந்து ஆட்டோ. வீட்டில் அவள் கணவன், மாமியார், பங்காளி வீட்டார் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவளை அம்மா வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றித்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. வார்த்தைகள் குழறின.

மாமியார், "என்னுங்க சொல்றீங்க? ஒண்ணும் வெளங்கலயே" என்றார்.

உள்வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஈஸ்வரி முன்னால் வந்தாள். இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி நடந்தாள்.

"அழாமச் சொல்லுங்க" என்றாள். "அழுதா யாருக்கும் காதுல உழுவ மாட்டேங்குது."

முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "தண்ணி வாத்துக்கிட்டதுனால இல்லீங்க. ஆஸ்பத்திரியில மெஷின் கெட்டுப்போயிருந்தது. கருவி சரியா வேகல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஆபரேஷனுக்கு அனுப்பினேன். அது ஒண்ணுதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா உங்க மருமக மேல எந்தத் தப்பும் இல்ல."

அவள் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. யாரோ வயதான உறவுக்காரர் உள்ளே வந்தார்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். "பெரியப்பா இப்பத்தான் வர்றாங்க. இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.